நாலு வீட்டுக்குப் போன பாயசம்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் காரைக்கால் தருமபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்கு அப்போது முப்பது வயது. சமையலில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் மறுத்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கேயே ஓர் இத்தாலியப் பெண்ணைக் கல்யாணம் செய்து அழைத்து வந்திருந்தார். வந்த மூன்றாம் மாதமே அவளுக்கு டைபாய்டு. காய்ச்சல் விட்ட பிறகும் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி, இட்லி, ரசஞ்சோறு எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்தான். "கொஞ்சம் சாப்பிடும்மா, கொஞ்சம்" என்று நான் கெஞ்சுவேன். "போதும்" என்பாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே தமிழ் வார்த்தை அதுதான். இப்படியே போனால் உடம்பு தாங்காது, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் அவள் புருஷன் ஒரு தகர டப்பாவோடு வந்தார். அவசர வேலையாக நாகப்பட்டினம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது அவ அம்மா ஊர்லேர்ந்து அனுப்புனது, நேத்துத்தான் வந்துச்சு. இதுல கொஞ்சம் வேகவச்சுக் குடுத்துடுங்க. சாயங்காலம் வந்துடுறேன்."

அவ்வளவுதான், பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

திறந்து பார்த்தேன். மிளகில் பாதி அளவுக்கு மஞ்சள் மஞ்சளாக மணிகள். ஏதோ சீமை ஜவ்வரிசி என்று முடிவு கட்டிவிட்டேன். ஊர் விட்டு ஊர் வந்து படுத்துக் கிடக்கிறவளுக்கு வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுப்பதா? நெய்யில் வறுத்து, பால் ஊற்றி, சர்க்கரை, ஏலக்காய், முந்திரி எல்லாம் போட்டுப் பாயசமாக இறக்கினேன். கொஞ்சமாவது மிச்சம் வைத்தேனா என்றால் அதுவும் இல்லை, டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன். பாயசம் வைத்துவிட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? தூக்கில் ஊற்றி நாலு வீட்டுக்குக் கொடுத்து, எல்லாரிடமும் "பிரமாதம்" வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் அவளுக்குக் கிண்ணத்தில் எடுத்துப் போனேன்.

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கக்கத்தில் இடுக்கியிருந்த காலி டப்பாவைப் பார்த்தாள். "போதும்" என்றுகூடச் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியதில்தான் அழுகிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் அவர் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"அவங்க ஊர்ல யாருக்கு உடம்பு முடியலன்னாலும் இதைத்தான்க்கா செய்வாங்க. கோழிச் சாறுல உப்பு மட்டும் போட்டு. பாஸ்தினான்னு பேரு. ஒரு மாசத்துக்கு வரும்னு வச்சிருந்தா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்கு ஒரு மாதத்துக்கான சாப்பாட்டை நான் நாலு வீட்டுக்குத் தானம் செய்திருக்கிறேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தெரியாமத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்றார். அந்த 'விடுங்க'தான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

"இந்த மணியை எதுல தம்பி செய்றாங்க?"

"கோதுமை மாவுதான்க்கா. முட்டையும் போடுவாங்க."

இவ்வளவுதானா! மணிக்கொழுக்கட்டை உருட்டாத கையா இது?

மறுநாள் காலை கோழி முட்டை விட்டு மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உருட்டியும் உள்ளங்கை அளவு தேறவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எழுந்தேன். நேற்றுத் தூக்கோடு போன அதே நாலு வீட்டு வாசலிலும் போய் நின்றேன்.

"நேத்துப் பாயசம் குடிச்சவங்கள்லாம் கையக் கழுவிட்டு வாங்க!"

விஷயத்தைக் கேட்டதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதில் ஓர் அம்மா சுத்த சைவம். "முட்டை மாவ நான் தொட மாட்டேன். எனக்குத் தனியாத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு குடு, உருட்டுறேன்" என்றார். கேலியும் சிரிப்புமாக, மதியத்துக்குள் ஒரு முறம் நிறைந்தது. துணியில் பரப்பி ஃபேனடியில் காயவைத்தோம்.

சத்தம் கேட்டு அவள் சுவரைப் பிடித்தபடி வந்து எங்கள் வாசலில் நின்றாள். முறத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாய் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு துளி மாவைக் கிள்ளி உருட்ட ஆரம்பித்தாள். அவள் உருட்டிய பொடி மணிக்குப் பக்கத்தில் எங்கள் மணியெல்லாம் சுண்டைக்காய்ப் பருமன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாட்டுக்கோழியை வெங்காயமும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்தேன். என் கை இரண்டு தடவை மிளகாய்த்தூள் டப்பா வரை போய்த் திரும்பியது. சாற்றை வடிகட்டி, அதில் மணிகளை வேகவிட்டு, அவள் சொல்லச் சொல்ல அவள் புருஷன் தமிழில் சொன்னபடி, இறக்கும்போது முட்டையை அடித்து ஊற்றி வெண்ணெய் போட்டுக் கலக்கினேன். ருசி பார்த்தேன். என் நாக்குக்குச் சப்பென்றுதான் இருந்தது.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். நிமிரவே இல்லை. கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டு முடித்து, என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, கொஞ்சம்."

நான் அவளிடம் நாள் தவறாமல் கெஞ்சிய வார்த்தை. சுற்றி நின்றவர்கள் கைதட்டியே விட்டார்கள். எனக்குக் கண் கலங்கி, கரண்டியைத் தேட வேண்டியிருந்தது.

டாக்டர் சொன்ன பாண்டிச்சேரிப் பயணத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இரண்டு வாரத்தில் கடைத்தெருவுக்கு என்னோடு நடந்து வந்தாள். எத்தனையோ கல்யாண வீட்டில் என் பாயசத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள், ஆனால் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, எனக்கே ருசிக்காத அந்த ஒரு கிண்ணத்தைத்தான். சமைக்கத் தெரியும் என்ற கர்வம் இன்றும் எனக்குக் குறையவில்லை, ஆனால் யாருக்குச் சமைப்பதானாலும் "இதை உங்க வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.