மூன்று ராஜா

சித்தப்பாவின் சட்டைப் பையில் மூன்று ராஜாக்கள் நனைந்து ஒட்டிக் கிடந்தார்கள். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து சித்திதான் எடுத்தாள். பிரிக்கப் பார்த்தபோது ஒரு ராஜாவின் முகம் இன்னொரு ராஜாவின் முதுகோடு உரிந்து வந்தது.

நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நாங்கள் குவியலோடு காத்துக் கிடந்த தை மாதம் அது. சாக்கு வரவில்லை, அதனால் எடை இல்லை. வரிசையில் முதலில் சித்தியின் அண்ணனான மாமாவின் நெல், அடுத்தது எங்கள் குத்தகை நிலத்து நெல். பொழுது போகாமல் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து மூணு சீட்டு ஆடினார்கள். நல்ல கை வந்தால் சித்தப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். எதிராளி துணிந்து கொட்டையை அள்ளி வைக்கும்வரை தயங்கித் தயங்கித்தான் ஆடுவார். அவரை ஜெயித்தவர்கள் குறைவு.

அன்று மதியம் கிழக்கே வானம் கறுத்திருந்தது. மாமாவுக்கும் நல்ல கை போலிருக்கிறது. கொட்டைகளை ஒதுக்கிவிட்டு, "மச்சான், எடைக்கு என் முறையை வைக்கிறேன். நீ அந்தப் புதுப் படுதாவை வை" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சித்தப்பாவின் சீட்டு தெரிந்தது. மூன்றும் ராஜா. அதை வெல்ல மூன்று ஆசு வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் நெல் முதலில் எடைக்குப் போகும். அவரோ தலையைச் சொறிந்தார்.

"எனக்கு வந்திருக்கிற சீட்டுக்குப் படுதாவை வச்சா உன் தங்கச்சி சோறு போட மாட்டா மச்சான். இரு, டீ வரட்டும்."

மாமாவிடம் டிராக்டர் இருந்தது. அடுத்த பட்டத்து உழவையும் அவர் வாயாலேயே வைக்க வைத்துவிடலாம் என்று சித்தப்பாவுக்குக் கணக்கு.

"பயந்தாங்கொள்ளி! சரி, உழவையும்..."

மாமா முடிப்பதற்குள் வாசலில் சாக்கு லாரியின் ஹாரன். சீட்டை எறிந்துவிட்டுத் தன் குவியலுக்கு ஓடினார். "மச்சான், சீட்டைப் பாத்துட்டுப் போ!" என்று சித்தப்பா கத்தினார். யாரும் திரும்பவில்லை.

வந்த சாக்கு மாமாவின் நெல்லோடு தீர்ந்தது. சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. மேலே படுதா இருந்தது. தண்ணீர் அடியில் புகுந்தது. முளைத்த நெல்லை யாரும் வாங்கவில்லை. அந்த வருஷத்தோடு குத்தகையும் போயிற்று.

சென்னையில் என் அறை நண்பர்கள் போனில் போக்கர் ஆடுகிறார்கள். பலமான கையை எப்போது மெதுவாக ஆடலாம் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எதிராளியின் குணத்தைப் பார்க்க வேண்டுமாம், எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அவர்கள் சொல்வதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆட்டம் முடியும்வரை தங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று எப்படி அவ்வளவு நம்புகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

இந்தத் தையில் ஊருக்குப் போனேன். சித்தப்பா அதே களத்தில் மற்றவர்களின் மூட்டையைத் தூக்குகிறார். இடையில் ஓய்வு கிடைத்தால் ஆட்டம், அதே பழைய கட்டு. போன மூன்று ராஜாக்களுக்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகையை வெட்டி, 'ராஜா' என்று எழுதிச் சேர்த்திருந்தார்கள். முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சித்தப்பாவுக்கு அவற்றில் இரண்டு வந்தன.

"மச்சான் கையில ரெண்டு ராஜாடா, கவுத்துடுங்க" என்றார் மாமா. எல்லோரும் சிரித்துக்கொண்டே சீட்டைக் கவிழ்த்தார்கள்.

அதுவரை பந்தயத்தில் விழுந்திருந்த ஒற்றைப் புளியங்கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சித்தப்பா மூட்டை தூக்க எழுந்து போனார்.