மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளன்று மரக்காணத்தில் எல்லாரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். லூர்துமேரி வீட்டார் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே ஏற்றுவார்கள். அது அவளுடைய பூட்டன் சவரிமுத்துவுக்கு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஆசைகாட்டிப் பாண்டிச்சேரியில் கப்பலேற்றிவிட, கரும்புத் தோட்டக் கூலியாகக் கண்காணாத தீவுக்குப் போனவர் திரும்பவில்லை என்பது வீட்டுக் கதை. புதைத்த இடம் தெரியாதவருக்கு மதிலுக்குள் இடமில்லை.

லூர்துமேரிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷமாக உப்பளத்தில் உப்பு வாரி, பாளம் பாளமாக வெடித்த பாதம். சாவதற்குள் பூட்டனை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"எழுத்துல ஒரு ஆதாரம் கொண்டாம்மா, உங்க குடும்பக் கல்லுலயே பேர் வெட்டிக்கலாம்" என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். கூலிகளைக் கப்பல் வரும்வரை அடைத்துவைத்த பாண்டிச்சேரிக் கட்டடத்தைக் காட்சிக்கூடமாக்கி, பழைய பதிவேடுகளையும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். மழை இறங்கி உப்பளத்தில் வேலையும் இல்லை. பஸ் ஏறிவிட்டாள்.

சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். ஆட்களைப் பூட்டிவைத்த அறையில் இளவட்டங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் கலைமதி என்ற பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் தேடினாள்.

"சவரிமுத்து, அப்பா பேரு ராயப்பன், ஊரு மரக்காணம். சரியாம்மா?"

குடும்பக் கல்லில் முதல் பேரே ராயப்பன்தான். லூர்துமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆமாம்மா. எந்தக் கப்பல்ல போனாரு?"

கலைமதி தயங்கினாள். "இவர் போகலம்மா. அனுப்பினவரு. ஆள் சேர்த்துக் கொடுக்கிற மேஸ்திரி. உங்க ஊர்லேர்ந்து மட்டும் பத்தொம்பது பேரு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல இவரு கைநாட்டு இருக்குது, பாருங்க."

பத்தொன்பது ரேகை. அதே கட்டை விரல். முப்பது சொச்சம் கிலோமீட்டரில் பாண்டிச்சேரியிலேயே இருந்துகொண்டு, அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு நாலு தலைமுறையாக ஜெபமும் மெழுகுவர்த்தியும்! அந்தப் பத்தொன்பது பேருக்கு யார் ஏற்றினார்கள்? அவளுக்கு நினைப்பு பூட்டனோடு நிற்கவில்லை.

அவளுடைய தம்பி சகாயராஜ் ஃபாரின் வேலைக்கு ஆள் அனுப்புகிறவன். அடுத்த தெரு சந்தியாவின் புருஷன் கௌதமை, சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லி அரபு நாட்டுக்கு அனுப்பியவனும் அவன்தான். சந்தியா முதலில் சம்மதிக்கவில்லை. லூர்துமேரிதான் அவள் வீட்டில் உட்கார்ந்து, "என் தம்பிடி, நான் இருக்கேன் இல்ல?" என்று கரைத்தாள். போனவனைப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விட்டுவிட்டார்கள். ஐந்து மாதமாகப் போன் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"அப்போ நமக்கு இது பரம்பரைத் தொழிலுன்னு சொல்லுக்கா!"

பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

கல்லறைத் திருநாளன்று அவள் மதிலுக்கு வெளியே எதுவும் ஏற்றவில்லை. அப்பா அம்மா கல்லறையில் ஏற்றிவிட்டு வெளியே வந்தபோது, வழக்கமான இடத்தில் சந்தியா நின்றிருந்தாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி.

"அக்கா, அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல. உங்க தாத்தா பக்கத்துலயே அவருக்கும் ஒண்ணு வச்சிடட்டுமா? ரெண்டு பேரும் ஏமாந்து போனவங்கதானே?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் லூர்துமேரியால் முடியவில்லை.

"அந்தாளு பக்கத்துல வைக்காதடி. அவரு ஏமாந்தவரு இல்ல, ஆளுங்களைப் புடிச்சுக் கப்பலேத்தினவரு. என் தம்பி மாதிரி. என்னை மாதிரி."

சந்தியா மெழுகுவர்த்தியை அவள் கையில் திணித்தாள்.

"அப்போ அவருக்கு நீயே ஏத்து."

இத்தனை வருஷத்தில் சந்தியா அவளை நீ என்று சொன்னதில்லை. திரும்பிப் பார்க்காமல் அவள் போய்விட்டாள். இதை ஏற்றினால் கௌதம் செத்துவிட்டான் என்று லூர்துமேரியே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவளிடம் தீப்பெட்டி இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவே இல்லை.