ஒன்பதாவது இலக்கம்

ஒரேயொரு வகுத்தலைச் செய்யப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலுக்கு ஊர் முன்னால் பொன்னாடை வாங்கியவன் நான். அதுவும் கணக்கு வாத்தியார்.

தொண்ணூறுகளின் நடுவில், கனகராயன்குளத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் ரியூசன் நடத்திக்கொண்டிருந்தேன். வீதியின் மறுகரையில் இன்னொரு மாஸ்டரின் கொட்டில். அவரிடம் பிள்ளைகள் வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். என்னிடம் நல்ல காற்றோட்டம் இருந்தது. இருக்கிற நாலு பேரும் அங்கே தாவிவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, ஒழுங்காகப் படிப்பிப்பதைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் யோசித்தேன்.

சண்டைக் காலம், வன்னிக்குள் பற்றரி வர அரசாங்கத் தடை. என் கல்குலேற்றரோ வெயிலில் ஓடுவது. வெயிலைத் தடைசெய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏதாவது கண்டுபிடித்துப் பேரெடுத்தால் பிள்ளைகள் வரும் என்று, அதை முற்றத்தில் காயவைத்துக்கொண்டு முதன்மை எண்களைத் தேடினேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதவை. நம்மூர்ப் பிரமுகர்களைப் போல ஒருவரோடும் ஒத்துப்போகாதவை. 31 முதன்மை எண். 331, 3331, அவையும் அப்படியே. முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்து, சின்ன முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்து வகுத்து, ஒரு கோடை முழுக்கக் காய்ந்து, 33333331 வரை போனேன். ஒன்றும் பிசகவில்லை.

அடுத்ததற்கு ஒன்பது இலக்கம். கல்குலேற்றரின் கண்ணாடியில் எட்டுக்குத்தான் இடம். கையால் வகுத்திருக்கலாம். ஏழு தரம் சரிவந்தது எட்டாந்தரமும் வரும் என்று முடிவுகட்டினேன். சாத்திரக்காரன்கூட அதைவிடக் கொஞ்சம் யோசிப்பான்.

நானே செய்தியைப் பரப்ப, ஊரார் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். முடிவேயில்லாத முதன்மை எண் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டதாக முழங்கினேன். கூட்டத் தலைவர், தன் வயதையே மனைவியிடம் கேட்டுச் சொல்பவர், வன்னி மண்ணின் கணிதப் பெருமையைப் பேசிப் பொன்னாடை போர்த்தினார். தேத்தண்ணி வருமென்ற நம்பிக்கையில் சபை கைதட்டியது.

மறுகரை மாஸ்டர் எழும்பினார்.

"தம்பி, உதிலை ஒன்பது இலக்கம் வாற எண்ணைப் பதினேழாலை பிரிச்சுப் பாத்தனீரோ?"

"அண்ணை, உந்தச் சின்ன எண்ணுகளாலை பிரிபடுற சாமான் இல்லை இது."

"அப்ப அந்த வெண்கட்டியை இஞ்சாலை தாரும்."

கரும்பலகையில் 333333331ஐ எழுதி, ஆறுதலாக வகுத்தார். விடை 19607843. மீதி பூச்சியம். என்ன நடந்ததென்று விளங்காத தலைவர், பூச்சியத்துக்கும் கைதட்டினார்.

மறுநாள் கொட்டில் வெறிச்சோடியிருக்கும் என்றே போனேன். ஒரு பிள்ளை குறையாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். தோற்றவனையும் மதிக்கத் தெரிந்த சனம் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. மகளைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிய தகப்பனிடம், கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

"சீச்சீ, அதுக்கென்ன மாஸ்டர்," என்றார் அவர். "விடிய அங்கைதான் கொண்டுபோனனான். வாங்கிலை இருக்க இடமில்லையாம்."