துபாய் அம்மா

என் மகளுக்கு நான் 'துபாய் அம்மா'. நான் இருப்பது துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில். ஊரில் யாருக்கும் அந்த வித்தியாசம் தேவைப்பட்டதில்லை. வெறும் 'அம்மா' என்றால் அது என் அக்கா. பிரசவ லீவு முடிந்ததும், ஆறு மாதக் குழந்தையைக் குளச்சலில் இருக்கும் அக்காவிடம் விட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பியவள் நான். இங்கே நர்ஸ் வேலை பார்க்கும் எங்கள் கடற்கரைப் பெண்களில் பாதிப் பேர் செய்வதுதான். அதற்காக வலி பாதியாகிவிடவில்லை.

ஐந்து வயதில், ஏப்ரல் லீவுக்கு அவளை என் கணவர் கூட்டிவந்தார். இந்த முறை திருப்பி அனுப்புவதாக இல்லை. எங்கள் மூவருக்கும் தனி ரூம் எடுத்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் இடமும் சொல்லிவைத்தாயிற்று. அக்காவும் அழுதுகொண்டே சம்மதித்துவிட்டாள். மகளிடம் மட்டும்தான் சொல்லவில்லை. இரண்டு நாள் ஊர் சுற்றிக் காட்டி, என்னோடு ஒட்டிக்கொண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்வதாகத் திட்டம். ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பேனே, அதே சாமர்த்தியம்.

டூட்டியை மாற்றிக்கொண்டு உம் அல் குவைன் கடற்கரைக்குப் போனோம். சனிக்கிழமை படகு, ஃபிளமிங்கோ, ஐஸ்கிரீம். ஒவ்வொன்றுக்கும் "தேங்க்ஸ்" சொன்னாள். அக்கா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள். பெற்றவளுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிறு காலை லாவண்டர் பார்க்கப் போனோம். உப்பு மண்ணில் தானாக முளைக்கும் கடல் லாவண்டர். கரையெங்கும் ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. என் சோப்பு மாதிரி மணக்கும் என்று வழியெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். அவள் குனிந்து முகர்ந்தாள்.

"மணமே இல்ல."

எனக்காக இன்னொரு தடவையும் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஓடினாள். சிப்பி ஓடுகளில் தடுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம்.

"அம்மா!" என்று அலறினாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தானே ஐந்து வருடம் காத்திருந்தேன். செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

"வந்துட்டேன் மக்ளே, அம்மா வந்துட்டேன்."

என்னைப் பார்த்ததும் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"நீங்க இல்ல. எங்க அம்மா."

கணவர் காரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் காயத்தைக் கழுவி பிளாஸ்திரி ஒட்டினேன். அதில் நான் கெட்டிக்காரி. "தேங்க்ஸ்" என்றாள்.

அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். விழுந்த கதையைச் சொன்னாள், மணக்காத பூவைச் சொன்னாள், என்னிடம் அடக்கிய அழுகை அத்தனையையும் அங்கே கொட்டினாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போனை வாங்கினேன்.

"புள்ளைட்ட சொல்லிட்டியாட்டி?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. அங்க ஸ்கூல் திறக்கதுக்கு முன்ன அனுப்பிருதேன். யூனிஃபார்ம் தைக்கக் குடுத்திரு."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அளவு உனக்குத்தானக்கா தெரியும்" என்றேன்.