பெட்டிக்குள் ஒரு போதகர், வெளியே எங்கள் அப்பா

சர்ச் குடும்பம் ஒன்றைப் பற்றி டிவியில் புதுத் தொடர் ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் பார்க்கிறீர்களோ இல்லையோ, எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒரு வாரமாகத் தூங்கவில்லை. "எந்த பாஸ்டர் ராத்திரி சாப்பாட்டுக்கு அங்கியோட உக்காருவாரு?" என்று மயிலாடுதுறை அத்தை. "பாஸ்டரம்மா கழுத்துல எம்மாம்பெரிய சிலுவை! நம்ம அம்மா பாத்திருந்தா கழட்டி வாங்கியிருப்பாங்க" என்று சென்னையிலிருந்து தம்பி. தம்பி மகள் மட்டும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டாள். அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவாள். போன மாதம் ஒரு துக்கச் செய்திக்கும் அதையே போட்டு அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நானும் போதகர் வீட்டுப் பெண்தான். அங்கி விஷயத்தில் அத்தை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் அப்பா ஆராதனை முடிந்து குருமனை என்கிற எங்கள் வீட்டுக்குள் நுழைந்த மறு நிமிடம் அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கைவைத்த பனியனோடு விசிறிக்கட்டையைத் தேடுவார். நன்னிலம் பக்கத்து வெயில் அப்படி. வியர்வை காய்ந்ததும் அங்கி ஞாயிறுதோறும் பிள்ளைகள் பைபிள் படிக்கும் ஓய்வுநாள் பள்ளிக் கொட்டகையில் இருந்த மர அலமாரிக்குப் போகும். அலமாரி முழுக்க அந்துருண்டை. பிற்பாடு எங்கள் சபைக்கு ஒரு டிவி வந்தபோது, பூட்டு உள்ள இடம் அது ஒன்றுதான் என்று அதே அலமாரிக்குள் அதையும் வைத்தார்கள். அதனால் டிவி நாடகம் என்றாலே எனக்கு இன்றைக்கும் மூக்கில் அந்துருண்டை வாசனைதான் அடிக்கிறது. சிரிக்காதீர்கள்.

அந்த டிவி, சபையார் ஒருவரின் மகன் துபாயிலிருந்து வந்தபோது காணிக்கையாகக் கொடுத்தது. ஊரில் பஞ்சாயத்து டிவியும் இருந்தது. ஆனால் அந்த வருஷம் சம்பா அறுப்புக்குக் கூலி உயர்த்தச் சொல்லிக் கீழத்தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் பார்த்தார்கள். வாய்க்கால் கரை நெடுகச் சிவப்புக் கொடி. பஞ்சாயத்து டிவி அறையில் ஒருநாள் இரண்டு தரப்புக்கும் கைகலப்பாகி, தலைவர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சமயத்தில்தானா செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு போதகர் குடும்பத்து நாடகம் வரவேண்டும்? ஊரே எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டது.

கீழத்தெரு அஞ்சலை தன் கூட்டத்தோடு முன்வரிசையில் தரையில் உட்காருவாள். "பெஞ்சு எல்லாருக்கும்தாம்மா, மேல உக்காரு" என்று அப்பா சொன்னால், "கீழதான் சாமி காலை நீட்ட முடியும்" என்பாள். மிராசுதார் வீட்டு ராஜத்தம்மாள் பின் பெஞ்சில். பகலில் இவர் புருஷனும் அவள் புருஷனும் வரப்பில் எதிரும் புதிருமாக நின்றுவிட்டு வந்திருப்பார்கள். ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசமாட்டார்கள். இருவரும் டிவியோடுதான் பேசுவார்கள்.

அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த போதகர் கடன்காரனிடம் கெஞ்சினால், "ஏன் சாமி அவங்கிட்டப் போயி நிக்கிறீங்க?" என்று அஞ்சலை அதட்டுவாள். "வேற போக்கு ஏது அந்த மனுஷனுக்கு?" என்று ராஜத்தம்மாள் பெட்டியைப் பார்த்தே பதில் சொல்வார். அஞ்சலை திரும்பிப் பார்க்காமல், "அதுவும் சரிதான்" என்பாள். இதனால் ஊர்ச் சண்டை தீர்ந்தது என்று கதை விடமாட்டேன். மறுநாள் காலையில் கொடி கொடியாகவே இருந்தது, வரப்பு வரப்பாகவே இருந்தது. கூலிப் பேச்சு தாலுகா ஆபீஸில் தனியாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

அப்போது எனக்கு வேலை கிடைத்த புதிது. அரசாங்கம் பள்ளிகளில் சத்துணவு ஆரம்பித்திருந்தது. குருமனையை ஒட்டிய பள்ளியில் இருந்த மையத்துக்கு நான் அமைப்பாளர். முதல் நாளே பருப்பை அடிபிடிக்கவிட்டு, ஊர் முழுக்கத் தீய்ந்த வாடை பரவி, "பாஸ்டரய்யா வீட்டுல எதையோ எரிக்கிறாங்க" என்று ஆள் ஓடிவந்தது வேறு கதை. ஆனால் கூலிச் சண்டை முற்றியபோது கீழத்தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே தட்டோடு நின்றார்கள். அஞ்சலையின் இரண்டு பெண்களும் தட்டைக் கழுவத் தேவையில்லாத அளவுக்கு வழித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த வேலை உயிராகிப்போனது அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தஞ்சாவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பாங்கு உத்தியோகம், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தார். அவருடைய அம்மா எங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "சோறு பொங்குற வேலையெல்லாம் எங்க வீட்டு மருமகளுக்கு வேணாங்க. நிச்சயத்துக்கு முன்னாடியே விட்டுட்டா நல்லது" என்றார். நான் விடமாட்டேன் என்றேன். அம்மா இரண்டு நாள் அழுதார். அப்பா, "யோசிப்போம்மா" என்றார். பிரசங்கத்தில் எகிப்து ராஜா பார்வோனையே நடுங்க வைப்பார் என் அப்பா. வீட்டில் அவர் "யோசிப்போம்" என்றால் எதிராளி சொன்னதற்குத் தலையாட்டப் போகிறார் என்று பொருள். என் மையத்துச் சமையல் ஆயா வழியாகச் சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. ஆனால் போதகரிடம் போய் அவர் வீட்டு விஷயத்தை யார் பேசுவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகத்தில் என்ன வந்தது தெரியுமா? பெட்டிக்குள் இருந்த போதகரின் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொல்கிறார்கள். போதகர் மகளைக் கூப்பிட்டு, 'நம் மானம் உன் கையில்' என்கிற மாதிரி தழுதழுக்கிறார். அப்பா கதவோரம் நாற்காலியில் இருந்தார். அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அஞ்சலை எழுந்தே விட்டாள். பெட்டியை நோக்கிக் கையை நீட்டிக் கேட்டாள்: "ஏன் சாமி, ஒங்களுக்கே நல்லாருக்கா இது? எங்க பாடெல்லாம் தெரிஞ்சவரு நீங்க. நீங்களே அந்தப் பொண்ண வேலைய விடச் சொல்லலாமா? விட்டுட்டா நாளைக்கு எம்புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

நாடகத்துப் பெண் நர்ஸ். ஊசிதான் போடுவாள், சோறு போடமாட்டாள். அது அஞ்சலைக்கே அரை நொடி கழித்துத்தான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

பின் பெஞ்சிலிருந்து ராஜத்தம்மாளின் குரல், பெட்டியைப் பார்த்துத்தான்: "அவ கேக்குறதுல என்ன தப்பு? அந்தப் பையன் வீட்டுல வேற பொண்ணு பாத்துக்கட்டுமே. நம்ம பொண்ணுக்கு என்ன குறைச்சல்?"

நம்ம பொண்ணு என்றார். நர்ஸுப் பெண்ணைச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா எழுந்து வெளியே போனார். வாசலில் மூங்கில் கழி ஒன்றில் ஆன்டெனாவைக் கட்டியிருந்தோம். படம் ஆடினால் அவர்தான் போய்த் திருப்புவார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து விவரம் புரியாத ஒருத்தர், "ஐயா, படம் நல்லாத்தான் தெரியுது, உள்ள வாங்க!" என்று கத்தினார். அப்பா வரவில்லை. நாடகம் முடிந்து பாட்டு ஓடும்வரை அங்கேயே நின்றார். கண்ணைத் துடைத்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார். திரும்பி வந்து அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். அம்மா, "யாரைக் கேட்டு?" என்றார். "ஊரைக் கேட்டு" என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் அம்மாவுக்கு எதிராகச் சொன்ன ஒரே வெடுக்கென்ற பதில் அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அன்றைக்குப் பருப்பு மறுபடியும் அடிபிடித்தது, சந்தோஷத்தில்.

அடுத்த வாரம் நாடகத்துப் போதகர் மகளை வேலையை விடவே வைத்துவிட்டார். கொட்டகை கொதித்தது. "சீ, எங்க சாமி கால் தூசி பெறமாட்டே நீ" என்று அஞ்சலை பெட்டிக்குச் சாபம் கொடுத்தாள். கதவோரம் இருந்த அப்பா கூச்சப்பட்டுக் குனிந்துகொண்டார். எனக்குக் கல்யாணம் பின்னால் நடந்தது. மையத்துக்குத் தணிக்கைக்கு வந்து, என் சாம்பாரைச் சாப்பிட்ட பிறகும் பெண் கேட்ட தைரியசாலி அவர்.

ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். அப்பா, அஞ்சலை, ராஜத்தம்மாள், என் வீட்டுக்காரர், யாரும் இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

நேற்று அந்தப் புதுத் தொடரிலும் போதகர் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார், அங்கியோடுதான். இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். "ஏன் சாமி, ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு, பின்னாலிருந்து யாராவது பதில் சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அதையே குழுவில் தட்டிப் போட்டேன். தம்பி மகள் கட்டைவிரல் போட்டாள்.

படம் இப்போது கண்ணாடி மாதிரித் தெரிகிறது. ஆடுவதில்லை, அலைவதில்லை. வெளியே எழுந்துபோய் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் எந்த அப்பாவுக்கும் இல்லை.