ஆடித்தபசுக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு ஒரு தடவை

1. புடுங்கச் சொன்ன பல்

எங்கள் பல் ஆஸ்பத்திரிக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது துடைப்பத்தோடு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சை எழுதவில்லை. இன்று அந்தக் கட்டடத்துக்கு வீட்டுவரி கட்டுவது நான். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், முன்மேசையில் நான் மாறவில்லை. வருகிறவருக்கு வலி பல்லிலா, பயத்திலா என்பதை வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு பல்லின் கதையை எழுதி வைக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம். விசைத்தறி வைத்திருக்கும் கோமதிநாயகம் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஆவுடை என்று பெயர், ஏழு வயது. கன்னத்தில் ஒரு கை. மறு கையில் பாதி கடித்த அதிரசம்.

“அண்ணாச்சி, இனிப்புப் பட்டா அலறுதா. டாக்டரம்மாகிட்ட சொல்லி அந்தப் பல்லைப் புடுங்கிருங்க. தறியை ஓட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

“அலறுதவ கையில அதிரசத்தை எதுக்குவே குடுத்தீரு?”

“அழுகைய நிறுத்ததுக்குத்தான்.”

“நல்லா நிறுத்துனீரு, போங்க. இதுக்கு முன்னால பிள்ளைக்குப் பல்லை எப்பக் காட்டினீரு?”

“வலிக்காமலா காட்டுவாங்க? பால் பல்லுதான அண்ணாச்சி. புடுங்கினா வேற முளைச்சிட்டுப் போவுது.”

உள்ளே டாக்டரம்மா கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

“இது பால் பல் இல்லீங்க. ஆறு வயசு வாக்கில பால் பல்லுக்கெல்லாம் பின்னால தனியா முளைக்கிற கடவாய்ப்பல். இதைப் புடுங்கினா இந்த இடத்துல வேற பல் வராது. சாகிற வரைக்கும் இதுதான்.”

“அந்த இடத்துல எந்தப் பல்லும் விழலியே டாக்டரம்மா, பொறவு எப்படி இது முளைச்சிது?”

இந்த ஊரில் எல்லாத் தகப்பனும் ஏமாறுகிற இடம் இதுதான். ஒரு பல்லும் விழாமல், சத்தமில்லாமல் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வதால், அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். புடுங்கிவிட்டு வேறு முளைக்கும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கோமதிநாயகத்தின் முகத்தில் தறியும் இல்லை, தீபாவளியும் இல்லை. “காப்பாத்த முடியுமா டாக்டரம்மா?” என்றார்.

“எக்ஸ்ரே பார்த்துட்டுச் சொல்றேன். நரம்பைத் தொட்டிருந்தா வேலை பெரிசு.”

எடுத்த எக்ஸ்ரே கழுவி வருவதற்குள் மனுஷன் சுவரில் தொங்கிய பல் படத்தை ஆறேழு தடவை படித்துவிட்டார். ஆவுடை மட்டும் நிம்மதியாக அதிரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குழி நரம்புக்குப் பக்கத்தில் போயிருந்தது, தொடவில்லை. ஃபில்லிங் வைத்துப் பல்லைக் காப்பாற்றினார் டாக்டரம்மா.

2. நான் போட்ட கணக்கு

“பொதுவா பிள்ளைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா. “ஆனா எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்ல. இவளுக்கு இப்பவே சொத்தை வந்திருக்கு, அதனால மூணு மாசத்துல ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. நல்லா இருந்தா பொறவு ஆறு மாசம்.”

வெளியே வந்து கோமதிநாயகம் என்னிடம் முறையிட்டார். “தறிக்காரன் தேதியெல்லாம் எங்க அண்ணாச்சி ஞாபகம் வப்பான்?”

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. “தேதி எதுக்குவே? இன்னும் மூணு மாசத்துல தைப்பொங்கல், அதுக்கு ஒரு தடவை வாரும், ஆடித்தபசுக்கு ஒரு தடவை வாரும். நடுவுல ஆறு மாசம் அதுவா வந்துரும். ஆனா தபசு அன்னைக்கே வந்து நிக்காதீரும். கோயில்ல திருவிழாக் கொடி ஏறதுக்கு முன்னால வந்துரும், பொறவு கூட்டத்துல தெருவுக்குள்ள நுழைய முடியாது.”

டாக்டரம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “இது நல்லா இருக்கே!” நல்லாத்தான் இருக்கும்; சொன்னது யார்? இப்போது பக்கத்து ஊர் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள்கூட இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடம் கிடையாது. அதற்கு டாக்டரம்மா என்னைத் திட்டுவது தனிக்கதை.

சொன்னபடி தைக்கு வந்தார்கள். இன்னொரு கடவாய்ப்பல்லில் பள்ளம் ஆழமாக இருந்தது. சொத்தை விழும் முன்பே மருந்து பூசி அடைத்தார்கள். ஊசியும் இல்லை, அழுகையும் இல்லை.

3. ஒண்ணுமில்லை

ஆடி வந்தது. கோமதிநாயகம் மகளோடு அரைநாள் காத்திருந்தார். டாக்டரம்மா பார்த்தார், எண்ணினார், கையுறையைக் கழற்றினார்.

“ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் அவர் பொருமினார். “ஒண்ணுமில்லன்னு சொல்லதுக்கா அண்ணாச்சி அரைநாள் தறியை நிப்பாட்டிட்டு வந்தேன்?”

“தீபாவளிக்கு இதே இடத்துல எக்ஸ்ரேக்கு நின்னீரே, அன்னைக்கு டாக்டரம்மா வாயிலருந்து என்ன சொல் வரணும்னு நின்னீரு?”

மனுஷன் சுவரில் தொங்கிய பல் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த ஒண்ணுமில்லங்கத காதால கேட்டுட்டுப் போகத்தான்வே வரணும். இருக்குன்னு ஆன பொறவு வந்தா அது வைத்தியம்.”

இத்தனை வருடத்தில் நான் கற்ற பாடம் இவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்தாம் வகுப்பே அதிகம்.

அவர் பைக்கைக் கிளப்பினார், பிறகு அணைத்தார். “அண்ணாச்சி, வீட்டுல சின்னவன் இருக்கான். ஒரு வயசு ஆகப் போவுது. ரெண்டு பல்லுதான் முளைச்சிருக்கு. அவனை எப்பக் கூட்டியாரணும்?”

“அந்த ரெண்டையும் நாளைக்கே கூட்டியாரும்வே.”