குதிக்கக் கூடாத ஜீப்

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் விமானப் படையில் சேர்ந்தான். பயிற்சி முடிந்ததும் சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா, போர் விமானமா என்று விருப்பம் கேட்டார்களாம். இவன் போர் விமானம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னான். எங்கள் ஊர் போடியில் சொந்தக்காரர்களெல்லாம் வீடு தேடி வந்து பாராட்டினார்கள். அவர்களுக்கென்ன, பாராட்டிவிட்டுப் போய்த் தூங்குவார்கள். நானோ தந்திக்காரர் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பினாலே எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்க்க வாசலுக்கு ஓடுவேன்.

அவன் ஓட்டியது ருஷ்ய விமானம், ஒரே எஞ்சின். அவனோடு படித்த இரண்டு பேர் அது விழுந்து இறந்துபோனார்கள். மெதுவாகப் போகிற பயிற்சி விமானத்திலிருந்து நேரே இந்த வேகத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், நடுவில் பழக ஒன்று வேண்டும் என்று அவனே சொல்வான்.

"ரெண்டு எஞ்சின் வச்சதா வாங்க மாட்டாகளாப்பு?" என்று அப்பா கேட்டார்.

"பேசிக்கிட்டிருக்காகப்பா. அது வந்து சேர்றதுக்குள்ள நான் கிழவனாயிருவேன்."

"இது நின்னு போனா?"

"கைப்பிடிய இழுத்தாப் போதும், சீட்டே நம்மளத் தூக்கி வெளிய எறிஞ்சிரும்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா முகம் மட்டும் செத்துப்போனது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து ஜீப்பில் எப்போதும் காய் எடுக்கிற பெண்கள் இருப்பார்கள். பிரேக் பிடிக்காவிட்டால் டிரைவர் குதிக்கக் கூடாது. வண்டியை மலையின் மேட்டுப் பக்கம் மோதிச் சாத்தித்தான் நிறுத்த வேண்டும். குதித்தவனை நம்பி அப்புறம் எந்தத் தோட்டத்திலும் சாவி கொடுக்க மாட்டார்கள். "வண்டிய விட்டுக் குதிச்சா நீ எம்மவனே இல்ல" என்று சொல்லிச் சொல்லித்தான் அப்பா அண்ணனை ஓட்டப் பழக்கினார். அவனும் ஒருமுறை பெண்களோடு வந்தபோது அப்படிச் சாத்தி நிறுத்தினான். நெற்றியில் தழும்பு இருக்கிறது. இவன் கைப்பிடியை இழுக்க மாட்டான் என்று அப்பா பயந்தார். நானும்தான்.

அடுத்த லீவில் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். முன் ஜீப்பை அப்பா ஓட்டினார், பக்கத்தில் அண்ணன், பின்னால் வெறும் ஏலக்காய் மூட்டைகள். அம்மாவும் நானும் அடுத்த ஜீப்பில் வந்தோம். ஒரு வளைவில் அவர்கள் வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் சாத்த இடமிருந்தது. ஆனால் அப்பா "குதிடா!" என்று கத்திக்கொண்டு தானே முதலில் குதித்தார். அண்ணன் குதிக்கவில்லை. ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தான்.

"வெரசாக் குதிடா அப்பு!" என்று அப்பா ரோட்டில் கிடந்தபடியே அலறினார். அதற்கப்புறம்தான் குதித்தான். ஜீப் பள்ளத்துக்குள் போனது.

முட்டியில் ரத்தம் வழிய அப்பா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "நானே குதிச்சிட்டேன், பாத்தியா? வண்டி போனாப் போகுது."

விஷயம் கேள்விப்பட்டு மலையிலிருந்த டிரைவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளில் அந்தத் தந்தி வந்தேவிட்டது. எஞ்சின் நின்றுவிட்டது, குதித்துவிட்டான், முதுகெலும்பில் அடி, உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்ததும், "கீழ வெறும் பொட்டக்காடுதான்னு பாத்துட்டுத்தாம்ப்பா குதிச்சேன்" என்றான். அப்பா அவன் காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முதுகு ஆறியதும் மறுபடி பறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சரக்கு விமானத்துக்கு மாற்றிக் கேள் என்று நான் அழுதேன், திட்டினேன். அதே ஒற்றை எஞ்சினுக்குத்தான் கிளம்பினான். பஸ் ஏற்றிவிடும்போது அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"கீழ ஊரு இருந்தா என்னடா செய்வ?"

அண்ணன் சிரித்தான். கை தானாகப் போய் நெற்றித் தழும்பைத் தடவியது.